பச்சைத் துணி கட்டிய கேன்

அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தவர் தையல்காரர். வாரத்தில் மூன்று நாள், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள அவருடைய காரில் போய்வருகிறவர். “உங்க வண்டியில உக்காந்தா ஊசியில நூல் கோக்கலாம் அண்ணே, அவ்வளவு நிதானம்” என்று ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

முப்பத்தோரு வருஷம் கல்லூரிப் பேருந்து ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. அதே கல்லூரியின் வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்தவர்தான் அவருடைய மனைவி. கல்லூரி முழுக்க அவரை ‘லேப் அம்மா’ என்பார்கள். ஒரு முறை கண்ணாடிக் குப்பிகள் வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் கூடத்துக்குள் நுழைந்தபோது, “கண்ணுக்குக் கண்ணாடி போடாம உள்ள காலெடுத்து வைக்காதீங்க” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். அதுதான் அவர் இவரிடம் பேசிய முதல் வார்த்தை. இவர் வெளியே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அப்படித் தொடங்கிய குடித்தனம். யார் சொல் கேட்டு யார் நடந்தார்கள் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

ஓய்வு பெற்றதும் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி நோயாளிகளை ஏற்றிப்போக ஆரம்பித்தார். வண்டி நல்ல வண்டி, புகைதான் தாங்காது. டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறவர்களுக்கு ஏற்கெனவே தலை சுற்றும். அந்த நாற்றத்தில் ஓய்வு பெற்ற தபால்காரம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது லேப் அம்மா கேட்டுக்கொண்டார். மறுநாள் கல்லூரி விடுதிச் சமையலறைக்குப் போய், அவர்கள் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்த பொரித்த எண்ணெயை இரண்டு கேன் வாங்கிவந்துவிட்டார்.

பொரித்த எண்ணெயை ஊற்றினால் டீசல் வண்டி ஓடும் என்று வாய்ச்சவடால் அடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓடும். எத்தனை நாள் ஓடும், எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. லேப் அம்மா அந்த ரகம் இல்லை. எண்ணெயை வடிகட்டி, சூடாக்கி நீரை விரட்டி, அதில் எவ்வளவு புளிப்பேறியிருக்கிறது என்று சொட்டுச் சொட்டாக அளந்து பார்த்து, அந்தக் கணக்குக்குத்தான் காஸ்டிக் சோடாவையும் மெத்தனாலையும் சேர்ப்பார். அதுவும் வீட்டுக்குள் இல்லை. பின்புறம் நான்கு பக்கமும் ஜன்னல் வைத்துக் காற்றோடும் கொட்டகையில், கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு. மெத்தனால் மூச்சில் ஏறினால் கண்ணைக் கெடுக்கும், தீப்பொறி பட்டால் கொட்டகையே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அடியில் தங்கும் கறுத்த கிளிசரினை இறக்கிவிட்டு, மேலே நிற்பதை மூன்று தடவை தண்ணீரில் அலசி, மறுபடி உலர்த்தி, கடைசியில் ஒரு சீசாவில் பாதி எண்ணெய் பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பார். நுரையில்லாமல் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றால்தான் தேறியது. நுரைத்துப் பால் மாதிரி நின்றால் திரும்ப அலசல். “பரீட்சையில அரை மார்க்கு போட்டுப் பாஸ் பண்ணி விடமாட்டியா?” என்று கணவர் கேலி செய்வார். “உங்க இன்ஜின் அரை மார்க்குல ஓடுமா?” என்பார் அவர்.

காருக்கும் லேப் அம்மாவின் சட்டதிட்டம் உண்டு. முதல் மாதம் ஐந்தில் ஒரு பங்குதான் இந்த எண்ணெய், மீதி டீசல். பழைய ரப்பர் குழாய்களை இது தின்றுவிடும் என்று எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். டேங்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கை இது கரைத்து இழுத்துவரும். அதனால் ஆரம்பத்தில் டேங்க் காலியாகும்போதெல்லாம் புது ஃபில்டர். குளிர்காலத்தில் பாதிக்குப் பாதி டீசல். பின்பக்கப் பெட்டியில் எப்போதும் இரண்டு உபரி ஃபில்டர். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பளபளக்கும் புது வண்டிக்கு ஒரு கேன் கேட்டபோது, “இந்தக் காலத்து வண்டி இதைத் தாங்காது, கம்பெனிக்காரன் எழுதிக் கொடுத்தா தர்றேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஆறு மாதம் பேசவில்லை.

கந்தல் துணி விஷயத்தில் இன்னும் கெடுபிடி. இந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால் கொட்டகையில் கந்தல் என்று எதுவும் கிடக்கக் கூடாது. துடைத்த துணி நேராகத் தண்ணீர் நிரப்பிய மூடிபோட்ட தகரத்துக்குள் போகவேண்டும். கொட்டகையில் காய்ந்த துணி என்றால் ஒன்றே ஒன்றுதான்: தேறிய கேனின் கைப்பிடியில் கட்டுகிற பச்சைத் துணி. பழைய மேசை விரிப்பிலிருந்து கிழித்த நீள நாடா. பச்சை கட்டியிருந்தால் வண்டிக்குப் போகலாம். கட்டாத கேனை மூக்கால் முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது.

நாலு வருஷம் நூல் பிடித்த மாதிரி ஓடியது. அறுபத்தொரு பேட்ச். வண்டி ஒரு நாள்கூடப் பாதியில் நின்றதில்லை. தபால்காரம்மா வாந்தி எடுக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிசுபிசுவென்று தூறல். புனலை எடுக்க நிதானம் கொட்டகைக்குப் போனார். பின்வாசலிலிருந்து கொட்டகைக்குப் பத்தடி. அதற்குள் மூக்குக்கண்ணாடியில் நீர்த்துளி அப்பிக்கொண்டது. சட்டையும் ஈரம். துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தால், அந்தக் கொட்டகையில் என்ன கிடைக்கும்? எதிரே சுவரோரம் இரண்டு நீலக் கேன்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் கைப்பிடியில் பச்சைத் துணி, மொறமொறவென்று காய்ந்து தொங்கியது. அவிழ்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துணியைத் திரும்பக் கட்டினார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புனலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதை யாராவது மனதில் வைத்துக்கொள்வார்களா?

திங்கள் காலை ஆறு மணிக்கு, பச்சை கட்டிய கேனைத் தூக்கி மொத்தமாக டேங்கில் ஊற்றினார். தையல்காரரையும் தபால்காரம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை டயாலிசிஸ்காரர்களுக்கு மோசமான நாள். நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுந்திருக்கும். உடம்பில் தண்ணீரும் கழிவும் ஏறிப்போயிருக்கும். அன்று தையல்காரருக்குச் செருப்பு காலில் நுழையவில்லை. “இன்னைக்கு நான் ஒரு சைஸ் பெரிசு” என்று சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு ஏறினார்.

மேட்டுப் பாதையில் ஏழாவது வளைவில் வண்டி இழுக்காமல் திணறியது. எட்டாவது வளைவில் நின்றது. நிதானம் பதறவில்லை, ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே பழுப்பாக, கூழ் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. புது ஃபில்டர் போட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, கிளப்பினார். மூன்று கிலோமீட்டர் போயிற்று. மறுபடி நின்றது. இரண்டாவது ஃபில்டர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வந்தது. அதோடு அவர் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. செல்போனில் சிக்னல் இல்லை. ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்துப் பால் வண்டி ஒன்று வந்தது. அதில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய முறை போய்விட்டிருந்தது. மெஷின் காலியாக மதியம் ஆகும் என்றார்கள். தபால்காரம்மா தாக்குப் பிடித்தார். தையல்காரருக்குப் பதினொரு மணிக்கே மூச்சு முட்டியது. நடைக்கூடத்தில் நிதானத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, படுத்தா மூழ்கற மாதிரி இருக்கு” என்றார். அந்தக் கையைப் பிரித்துத்தான் அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் அங்கே கிடந்தார். பிழைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை தையல்காரரின் மகள் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

“எங்கப்பாவை எதை ஊத்தி ஓட்டற வண்டியில ஏத்தினீங்கன்னு எனக்குத் தெரியணும்” என்றாள்.

லேப் அம்மா அவளைக் கொட்டகைக்கே கூட்டிப்போனார். காலிக் கேனில் மிச்சம் ஒட்டியிருந்ததைச் சீசாவில் வடித்துத் தண்ணீர் சேர்த்துக் குலுக்கினார். சீசா முழுக்கச் சோப்பு நுரை. அடுத்து, துணி கட்டாமல் நின்ற மற்ற கேனிலிருந்து எடுத்துக் குலுக்கினார். கண்ணாடி மாதிரி பிரிந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தார். அறுபத்தொன்று: தேறியது. அறுபத்திரண்டு: கிளிசரின் இறக்கியாயிற்று, அலசவில்லை. அலசாத அறுபத்திரண்டுதான் காருக்குப் போயிருக்கிறது.

காலிக் கேனின் கைப்பிடியில் இருந்த பச்சைத் துணியை அவர் அவிழ்க்கப் பார்த்தார். சட்டென்று வரவில்லை. நகத்தால் கிளறி அவிழ்த்தார். முடிச்சிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்தக் கொட்டகையில துணி கட்டறது நான் ஒருத்திதாம்மா. மாத்திக் கட்டியிருக்கேன். தப்பு என்னோடது. உங்கப்பா வந்ததும் நேர்ல வந்து சொல்றேன்.”

அப்போதுதான் நிதானத்துக்கு ஞாபகம் வந்தது. தூறல், மூக்குக்கண்ணாடி, துணி. கண்ணாடி இல்லாத அவர் கண்ணுக்கு இரண்டு கேனும் ஒரே நீலம்தான். வாயைத் திறந்தார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

முப்பத்தோரு வருஷம் கீறலில்லாமல் ஓட்டினவர் என்று பெரிதாகச் சொன்னேன். இதையும் சொல்லவேண்டியதுதான். அந்த மனிதர் அந்த இடத்தில் கல்லுளிமங்கனாக நின்றார். அந்தப் பெண் போனதும் சொல்லலாம் என்று நினைத்தார். போனதும், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். சாப்பிட்ட பிறகு, தையல்காரர் நல்லபடியாக வரட்டும் என்று தோன்றியது. வந்தார். அதற்குள் ஒரு வாரம் ஆகிவிட்டது. ஒரு வாரம் சொல்லாததைச் சொல்வதென்றால், அந்த ஒரு வாரத்தையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்?

கண்ணாடியும் கையுறையும் கொட்டகை ஆணியில் தொங்கின. அலசும் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. வண்டி பங்க் டீசலில் ஓடியது. தபால்காரம்மா ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். பத்து நாள் கழித்து மகளோடு சண்டை போட்டுக்கொண்டு தையல்காரர் மறுபடி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். “லேப் அம்மா எப்படி இருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்டார். “இருக்கா” என்றார் நிதானம்.

இருந்தாள். எப்படி இருந்தாள் என்பதை அவர் ஒருவர்தான் பார்த்தார்.

லேப் அம்மாவின் தாயாருக்கு அறுபதாவது வயதில் மறதி ஆரம்பித்தது. முதலில் டீயில் உப்பைப் போட்டார். பிறகு சொந்தத் தெருவில் வழி கேட்டார். கடைசி மூன்று வருஷம் மகளைப் பார்த்து, “யாரும்மா நீ, உன்னைத் தேடமாட்டாங்களா உங்க வீட்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது வருஷம், குளிப்பாட்டுவதிலிருந்து எல்லாம் இந்த மகள்தான். லேப் அம்மாவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

அடுப்பு மேடையில் முதல் துண்டுச்சீட்டை நிதானம் பார்த்தது நாலாவது நாள். ‘கேஸ் மூடினேன். 7.10.’ கீழே இன்னொரு கையெழுத்து மாதிரி நடுங்கி, ‘திரும்பப் பார்த்தேன். 7.20.’ பிறகு வீடு முழுக்கச் சீட்டு. பீரோவில், குழாயடியில், மாத்திரை டப்பாவில். உப்பை இரண்டு தடவை ருசி பார்த்தாள். வாசல் பூட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பிவந்து இழுத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் கோர்ட்டு மாதிரி தீர்ப்புச் சொல்கிறவள், “இன்னைக்கு புதன்தானே?” என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் காலண்டரைக் கிழித்தாள். பேச்சு குறைந்தது. அவள் குரலில் இருந்த அந்த அதட்டல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அதற்காக ஒரு காலத்தில் அவர் முணுமுணுத்ததுண்டு. இப்போது அது கேட்காதா என்று ஏங்கினார்.

பதினோராவது நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லுங்க. இதுக்கு முன்னாடியும் நான் எதையாவது இப்படி மறந்திருக்கேனா? நீங்க எனக்காகச் சொல்லாம விட்டிருக்கீங்களா?”

வழி திறந்தே இருந்தது. கால் வைக்க வேண்டியதுதான் பாக்கி. “சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார் அவர். சொன்னது நிஜம்தான். நிஜத்தைச் சொல்லியே பொய் சொல்ல முடியும் என்று அன்று அவருக்குத் தெரிந்தது. அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. தன் தாயிடம் இவளும் இப்படித்தானே, “இல்லம்மா, நீ ஒண்ணையும் மறக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாவது நாள் காலை. டயாலிசிஸ் இல்லாத நாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே வந்து உட்கார்ந்து, கோடு போட்ட தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். வேதியியல் கூடத்தில் குப்பிகளுக்குச் சீட்டெழுதுகிற அதே நிமிர்ந்த கையெழுத்து.

“இப்ப எழுதி வச்சாத்தான் உண்டு. இப்ப புத்தி தெளிவா இருக்கு. படிச்சுப் பாருங்க” என்றாள்.

‘எனக்கு முற்றினால்’ என்று தலைப்புப் போட்டிருந்தது. மெத்தனாலையும் காஸ்டிக்கையும் கல்லூரிக்கே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். கொட்டகையைப் பூட்டிச் சாவியை அவர் வைத்துக்கொள்ளவேண்டும்; அவள் அழுதாலும் கொடுக்கக் கூடாது. அடுப்புப் பக்கம் தனியாக விடக் கூடாது. குளிக்க மறுத்தால் வற்புறுத்தாமல் அரை மணி கழித்துக் கேட்டால் வருவாள். அம்மா அப்படித்தான் வந்தாள். இரண்டாவது வருஷம் சாமான் திருடிவிட்டதாக அவர்மேல் சந்தேகப்படுவாள். மூன்றாவது வருஷம் கண்டபடி திட்டுவாள். ‘அது நான் இல்லை. மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.’ அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு: ‘நீங்கள் யார் என்று நான் கேட்டால், கல்லூரி பஸ் டிரைவர் என்று சொல்லுங்கள். அது நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்.’

டீ டம்ளரை மேசையில் வைக்கப் போனார். விளிம்பில் இடித்துச் சிந்தியது. துடைக்க அவள் எழுந்தாள்.

“உக்காரு” என்றார். “நீ மறக்கல. நான்தான்.”

“என்ன நீங்கதான்?”

“துணியை மாத்திக் கட்டினது நான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், புனல் எடுக்கப் போனப்ப. கண்ணாடி நனைஞ்சிருந்துச்சு. அந்தத் துணியை அவுத்துத் துடைச்சேன். திரும்பக் கட்டறப்ப கேன் மாறிப்போச்சு.”

அவள் கூடத்தில் மாணவர்களைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

“துணி எந்தக் கேன்ல இருந்துச்சு?”

“கதவுப் பக்கம் இருந்ததுல.”

“கட்டறப்ப கண்ணாடி எங்க இருந்துச்சு?”

“சட்டைப் பையில.”

“எழுந்திருங்க.”

அந்தப் பச்சைத் துணியைக் கொண்டுவந்தாள். தண்ணீர்க் கூஜாவைக் காட்டி, “கண்ணாடியைக் கழட்டிட்டு இதுல கட்டுங்க” என்றாள். அவர் கட்டினார். அவள் குனிந்து முடிச்சைப் பார்த்தாள். இரண்டு சுற்று சுற்றி இறுக்கி, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. பஸ் கூரையில் மூட்டை கட்டுகிறவர்கள் போடுவது. அவள் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லை. ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்குத்தான் அவளுக்கு வழக்கம்.

“அன்னைக்கு இது அவுக்க வரலைங்க” என்றாள் மெதுவாக. “என் முடிச்சு எனக்கே அவுக்கத் தெரியலை, விரலுக்கும் மறந்துபோச்சுன்னு நினைச்சேன். அதுல இருந்துதான் எனக்குப் பயமே வந்துச்சு.”

கூஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். “எனக்கு ஒண்ணும் இல்ல, இல்ல?” சிரித்தாள், சிரித்த வாயோடு அழுதாள். அவர் தோளைத் தொடப் போனார். கையை விலக்கிவிட்டாள்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“அந்தப் பொண்ணு வந்த அன்னைக்கே.”

அழுகை நின்றுவிட்டது. துணியை அவிழ்த்து, நீவி, நாலாக மடித்தாள். அவசரமே இல்லாமல் செய்தாள்.

“கண்ணாடி துடைச்சதுக்கு எனக்குக் கோபம் இல்லீங்க. நான் துணியை அடையாளமா வச்சிருக்கவே கூடாது. அது என் தப்பு. தகரத்துல வில்லை போட்டு ஆணி அடிச்சிருக்கணும். ஆனா பதினெட்டு நாள் என்னை எங்கம்மாவா வாழ வச்சிட்டீங்களே. சீட்டு எழுதறதைப் பாத்தீங்க. பூட்டை இழுக்கறதைப் பாத்தீங்க. பாத்துக்கிட்டு டீ குடிச்சீங்க.”

மடித்த துணியை அவர் முன்னால் வைத்தாள்.

“அவங்க வீட்டுக்குப் போங்க. தப்பு என்னோடதுன்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன். மாத்திச் சொல்லிட்டு வாங்க.”

நடந்தே போனார். தையல்காரர் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார், மகள் பக்கத்தில். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மகள், “இனிமே அப்பா உங்க வண்டியில வரமாட்டாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் நியாயம் இருந்தது. தையல்காரர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“வண்டி வழியில நின்னதை நான் மன்னிச்சிட்டேன் அண்ணே. அந்தம்மா எங்கிட்ட வந்து நின்னு மன்னிப்புக் கேட்டாங்க. அதுக்கு மன்னிப்பு குடுக்கறது என் கையில இல்ல” என்றார்.

வீட்டில் பதினோரு நாள் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பன்னிரண்டாம் நாள் கொட்டகையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு அறுபத்து மூன்றாவது பேட்சை அலசிக்கொண்டிருந்தாள். சுவரோரம் கம்பிக் கூண்டு ஒன்று புதிதாக நின்றது: தேறாத கேன் அதற்குள், பூட்டுப் போட்டு. தேறியதன் கைப்பிடியில் எண் பொறித்த தகர வில்லை. உள்ளே காலெடுத்து வைக்கப் போனவரைப் பார்த்தாள்.

“கண்ணாடி” என்றாள்.

அந்த அதட்டலைக் கேட்டதும் அவருக்கு அழுகை வந்தது. போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தத் தாளை அவள் கிழிக்கவில்லை. பேட்ச் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். ஏன் என்று ஒரு நாள் கேட்டார்.

“நாளைக்கு நிஜமாவே எனக்கு வரலாம். அப்ப, வந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கும் தெரியல. ஆமான்னு சொல்லவும் இல்லைன்னு சொல்லவும் எனக்கு உங்களை விட்டா வேற சாட்சி யாரு? இருந்த ஒரு சாட்சியையும் கெடுத்துட்டீங்க.”

அன்று சாயங்காலம் அவள் நோட்டு எழுதும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “இன்னைக்கு நான் வண்டிச் சாவியைக் குளியலறையில வச்சிட்டு அரை மணி தேடினேன்” என்றார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். தினமும். தன் தப்பு, அவள் தப்பு, எதுவானாலும் அன்றைக்கன்றே, கூட்டாமல் குறைக்காமல். “இன்னைக்கு நீ ஒண்ணும் மறக்கல” என்று அவர் சொன்னால், அவள் அதை நம்பிப் பேனாவை மூடி வைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

நாலாவது வருஷம் ஒரு சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். அவள் பேனாவோடு காத்திருந்தாள்.

“நேத்து மூணு தடவை அலசி முடிச்ச பேட்சை இன்னைக்குக் காலைல மறுபடி முதல்லேருந்து அலசின. நான் கேட்டேன். இன்னும் அலசவே இல்லைன்னு சொன்ன” என்றார்.

அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். நேற்றைய தேதியில், அவள் கையெழுத்தில், மூன்று அலசலும் எழுதியிருந்தது. மூன்றையும் விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே நேரம் போட்டாள்.

“உடனே சொன்னீங்களே” என்றாள். கொட்டகைச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.